சர்வரில் டிஎன்எஸ் சிக்கல்: எந்த ரிசால்வரை வைத்துக்கொள்வது?

உபுண்டு சர்வரில் "ஆப்ட் அப்டேட்" கொடுக்கிறீர்கள். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிட்டு "டெம்பரரி ஃபெயிலியர் ரிசால்விங்" என்று வருகிறது. ஐபி எண்ணுக்குப் பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை. பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் சிக்கல் என்று பொருள்; நமக்காக அந்த விடையைத் தேடித் தரும் சர்வர்தான் ரிசால்வர். இந்த நேரத்தில் பெரும்பாலானவர்களின் கை முதலில் போவது /இடிசி/ரிசால்வ்.கான்ஃப் ஃபைலுக்குத்தான். "நேம்சர்வர் 8.8.8.8" என்று ஒரு வரி சேர்த்ததும் எல்லாம் ஓடத் தொடங்கிவிடும். அப்புறம் அந்த வரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த வரியை அப்படியே விட்டுவைக்கலாமா? சோதித்துப் பார்க்க அது அருமையான வழி. நிரந்தரமாக வைப்பதற்கு, பெரும்பாலான சர்வர்களுக்கு அதைவிட நல்ல ஏற்பாடு உண்டு என்பது என் கருத்து. எது நல்லது என்பதை அந்த சர்வர் பார்க்கும் வேலைதான் சொல்ல வேண்டும். வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய வெப் சர்வர், ஒரு மெயில் சர்வர், ஆபீசுக்குள் மட்டும் தெரியும் பெயர்களைத் தேடும் சர்வர் என்று மூன்றுக்கும் மூன்று விதமான பதில் வரும்.

முதலில் பழுது எங்கே?

ரிசால்வரை மாற்றுவதற்கு முன் பழுது ரிசால்வரில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இதற்கு இரண்டு கமாண்ட் போதும். ஒன்று "கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ்", இன்னொன்று "டிக்". இரண்டும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தெரிந்தாலும் போகும் பாதை வேறு. கெட்என்ட் உங்கள் அப்ளிகேஷன் போகும் அதே வழியில் போகும்: முதலில் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் சொல்லும் வரிசை, அதன்படி பெயரையும் ஐபியையும் கையால் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைல், அப்புறம் டிஎன்எஸ். டிக் அதையெல்லாம் தாண்டி நேராக நேம்சர்வரிடம் கேட்கும். டிக் பதில் தந்து கெட்என்ட் தராவிட்டால் கோளாறு உங்கள் சர்வருக்குள்ளேயே இருக்கிறது, எந்த ரிசால்வரை மாற்றினாலும் தீராது. கெட்என்ட் தந்து டிக் தராவிட்டால், யாரோ என்றைக்கோ ஹோஸ்ட்ஸ் ஃபைலில் போட்டு மறந்த ஒரு வரி வேலை செய்துகொண்டிருக்கலாம்.

அடுத்தது, பதில் என்ன வகை என்று பார்ப்பது. டிக் தரும் விடையின் தலைப்பில் "ஸ்டேட்டஸ்" என்று ஒரு சொல் இருக்கும். அது "என்எக்ஸ்டொமைன்" என்றால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று ஒருவர் உறுதியாகப் பதில் சொல்லிவிட்டார் என்று பொருள். "செர்வ்ஃபெயில்" என்றால் ரிசால்வர் தேடிப் போனது, ஆனால் விடை கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த விடையின் கையொப்பம் செல்லவில்லை. "ரெஃப்யூஸ்டு" என்றால் உங்களுக்குப் பதில் சொல்லமாட்டேன் என்று அந்த ரிசால்வர் கைவிரித்துவிட்டது. உங்கள் ஐபியை அது அனுமதிக்கவில்லை. எதுவுமே வராமல் டைம்அவுட் ஆனால் பாக்கெட் எங்கோ தொலைகிறது: ஃபயர்வால், ரூட்டிங், அல்லது ரிசால்வரே படுத்திருக்கிறது.

இந்த நான்கில் டைம்அவுட்டுக்கும் ரெஃப்யூஸ்டுக்கும் மட்டும்தான் ரிசால்வரை மாற்றுவது நேரடி மருந்து. செர்வ்ஃபெயில் வந்தால் டிக்கோடு "+சிடி" சேர்த்து இன்னொரு முறை கேளுங்கள். கையொப்பச் சோதனையை விட்டுவிட்டுப் பதில் தா என்று அதற்குப் பொருள். இப்போது பதில் வந்தால் பிரச்சினை டிஎன்எஸ்செக் பக்கம், அதாவது டிஎன்எஸ் விடைகளைக் கையொப்பம் வைத்துச் சரிபார்க்கும் முறையில். அந்த டொமைன்காரர் சாவியைச் சரியாகப் புதுப்பிக்காமல் இருக்கலாம், அல்லது சோதிக்கும் இயந்திரத்தின் கடிகாரம் தவறாக இருக்கலாம். கையொப்பங்களுக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு. கடிகாரம் சில நாள் பின்தங்கினாலே நல்ல கையொப்பமும் செல்லாததாகத் தெரியும்.

உங்கள் கையில் எதுவுமே இல்லாத நாட்களும் வரும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனபோது, அவர்களுடைய நேம்சர்வர்களுக்கான வழியே இணையத்தின் ரூட்டிங் அட்டவணையிலிருந்து விலகிவிட்டது. உலகத்தில் எந்த ரிசால்வரைக் கேட்டாலும் செர்வ்ஃபெயில்தான். 2025 அக்டோபரில் அமேசானின் வட வர்ஜீனியா மையத்தில் டைனமோடிபி டேட்டாபேஸ் சேவையின் டிஎன்எஸ் பதிவு காலியாகிப் போனதும் அதே வகை. பதிவேட்டிலேயே விடை இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் ரிசால்வ்.கான்ஃபைத் திருத்திக்கொண்டிருந்தால் இரண்டாவது பழுது ஒன்றை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 இரண்டிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே தவறைச் சொன்னால் ஃபைலை மூடிவிட்டுக் காத்திருப்பதே மேல்.

சரி, பழுது ரிசால்வர் பக்கம்தான் என்று தெரிந்துவிட்டது. இனி எதை வைப்பது?

ஹோஸ்டிங் நிறுவனம் தரும் ரிசால்வர்

சர்வரை வாங்கும்போதே டிஹெச்சிபி (நெட்வொர்க் அமைப்புகளைத் தானாகத் தரும் முறை) வழியாக வந்து உட்கார்ந்திருப்பது இதுதான். பலர் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். உங்கள் சர்வருக்கு மிக அருகில், அதே டேட்டாசென்டருக்குள் இருப்பதால் பதில் மிக வேகமாக வரும். வெளி இணைய இணைப்பில் கோளாறு வந்தாலும் உள்ளே இருக்கும் பெயர்களுக்குப் பதில் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

கிளவுடில் இதை விட்டுவிட்டு வெளியே போவதற்கு உண்மையிலேயே விலை உண்டு. அமேசானில் ஒரு விபிசிக்குள் (உங்களுக்கென ஒதுக்கிய தனி நெட்வொர்க்) இருந்துகொண்டு இன்னொரு ஈசி2 இயந்திரத்தின் (அமேசானின் வாடகை சர்வர்) பொதுப் பெயரைக் கேட்டால், அவர்களுடைய ரிசால்வர் அதன் உள் ஐபியைத் தரும். அதே பெயரை 8.8.8.8 இடம் கேட்டால் வெளி ஐபிதான் வரும். அதாவது பக்கத்து இயந்திரத்துக்குப் போக வேண்டிய டிராஃபிக் வெளி ஐபி வழியாகச் சுற்றிப் போகும், செக்யூரிட்டி குரூப் விதிகள் பொருந்தாமல் போகும், பில்லும் ஏறும். உள்ளே மட்டும் தெரியும் பெயர்ப் பட்டியலான பிரைவேட் ஸோனில் நீங்கள் வைத்திருக்கும் டேட்டாபேஸ் பெயருக்கோ வெளியிலிருந்து விடையே கிடைக்காது. ஆக, கிளவுட் சர்வரில் பொது ரிசால்வரைப் போட்டுப் பழுதைத் தீர்ப்பது பல நேரம் ஒரு பழுதைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதாகவே முடியும்.

இதற்கும் ஒரு குறை இருக்கிறது. அமேசான் விபிசி ரிசால்வர் ஒரு நெட்வொர்க் இன்டர்ஃபேசுக்கு நொடிக்கு 1024 பாக்கெட் வரைதான் ஏற்கும். அதைத் தாண்டினால் பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் மிச்சத்தைக் கைவிட்டுவிடும். வழக்கமாக நன்றாக ஓடும் சர்வர் கூட்ட நேரத்தில் மட்டும் பத்தில் ஒரு பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த வரம்பைத்தான். வேறு ரிசால்வருக்கு ஓடுவதை விட, சர்வருக்குள்ளேயே ஒரு கேஷ் (கிடைத்த விடையைச் சேமித்துவைக்கும் இடம்) வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பதைக் குறைப்பதுதான் இதற்குத் தீர்வு.

பொது ரிசால்வர்கள்

கூகுளின் 8.8.8.8 2009 டிசம்பரிலிருந்து இருக்கிறது. குவாட்9 2017 நவம்பரில் வந்தது, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 2018 ஏப்ரல் 1 அன்று. மூன்றும் திறமையாக நடத்தப்படுபவை, மூன்றும் டிஎன்எஸ்செக் சரிபார்க்கும். ஆனாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று கண்ணை மூடி மாற்றிவிட முடியாது. குவாட்9 இன் 9.9.9.9 தீங்கான டொமைன் என்று பட்டியலில் இருப்பவற்றைத் தடுத்து என்எக்ஸ்டொமைன் சொல்லும். வீட்டுக் கணினிக்கு அது பாதுகாப்பு. மால்வேர் முகவரிகளை ஆராயும் ஒரு சர்வருக்கு அதே பதில் பெரிய குழப்பம். கூகுள், கேட்பவரின் நெட்வொர்க் முகவரியின் ஒரு பகுதியை மறுமுனைக்குச் சொல்லும். சிடிஎன்கள் (தளங்களைப் பல ஊர் மையங்களிலிருந்து வழங்கும் சேவைகள்) அதை வைத்து அருகில் இருக்கும் மையத்தைத் தருகின்றன. கிளவுட்ஃபிளேர் அந்தரங்கம் கருதி அதைச் சொல்வதில்லை.

இரண்டு முகவரி போட்டால் பத்திரம் என்று நினைத்து 1.1.1.1, 1.0.0.1 இரண்டையும் எழுதுவது வழக்கம். 2025 ஜூலை 14 அன்று அந்த நம்பிக்கை உடைந்தது. கிளவுட்ஃபிளேர் தன் உள் அமைப்பில் முன்பே புகுந்திருந்த ஒரு தவறான செட்டிங் காரணமாக, இந்த இரண்டு முகவரிகளுக்குமான வழியையும் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் விலக்கிக்கொண்டுவிட்டது. சுமார் ஒரு மணி நேரம், சரியாகச் சொன்னால் 62 நிமிடம், இரண்டுமே எட்டவில்லை. பொது ரிசால்வரையே நம்பியிருக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு வேறு நிறுவனங்களுடைய முகவரியைப் போடுங்கள். 1.1.1.1 ஒன்று, 8.8.8.8 ஒன்று.

மெயில் சர்வருக்கோ பொது ரிசால்வரே ஆகாது. ஸ்பேம் தடுப்புப் பட்டியல்கள் டிஎன்எஸ் வழியாகத்தான் வேலை செய்கின்றன, ஸ்பேம்ஹவுஸ் போன்றவர்கள் பொது ரிசால்வர் வழியாக வரும் இலவசக் கேள்விகளுக்கு உண்மையான விடை தருவதில்லை. 127.255.255.254 என்று ஒரு குறியீட்டைத் திருப்பி அனுப்புவார்கள். அதைப் புரிந்துகொள்ளாத மெயில் சாஃப்ட்வேர் "பட்டியலில் இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு நல்ல மெயிலை எல்லாம் தள்ளிவிடும். நேற்றுவரை ஒழுங்காக வந்த கடிதங்கள் ரிசால்வரை மாற்றிய மறுநாள் காலையிலிருந்து வராமல் நின்றால் லாகில் இந்த எண்ணைத் தேடுங்கள்.

இரண்டு வரி ஃபைலுக்குள் என்ன நடக்கிறது

உள் ரிசால்வரையும் வைத்துக்கொண்டு, காப்புக்கு 8.8.8.8 ஐயும் கீழே சேர்த்துவிட்டால் என்ன என்று பலருக்குத் தோன்றும். டிஎன்எஸ் சிக்கல்களில் கண்டுபிடிக்கவே கடினமானவை இந்தக் கலவையிலிருந்துதான் பிறக்கின்றன. அதனால் இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஃபைலில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

நேம்சர்வர் 10.0.0.2
நேம்சர்வர் 8.8.8.8

லினக்ஸின் வழக்கமான ஜிலிப்சி நூலகம் மேலிருந்து கீழே வரிசையாகத்தான் கேட்கும். முதலாவது என்எக்ஸ்டொமைன் சொல்லிவிட்டால் அதுவே முடிவு. "இரண்டாவதையும் கேட்டுப் பார்ப்போம்" என்று அது போகாது. டைம்அவுட் ஆனாலோ செர்வ்ஃபெயில், ரெஃப்யூஸ்டு போல வந்தாலோதான் அடுத்ததற்குப் போகும். ஆகவே "உள்ளே இல்லாத பெயரை வெளியே தேடிக்கொள்ளும்" என்ற கணக்கு நடக்காது. மாறாக, 10.0.0.2 ஒரு நிமிடம் தடுமாறினால் உங்கள் உள் டேட்டாபேஸ் பெயர் 8.8.8.8 இடம் போய்விடும். அது நேர்மையாக "அப்படி ஒன்று இல்லை" என்று சொல்லும், அப்ளிகேஷனும் அதை நம்பிவிடும். ஒரு நிமிடம் காத்திருந்தால் சரியாகியிருக்க வேண்டிய கோளாறு இப்போது "பெயரே இல்லை" என்ற உறுதியான தவறாக மாறிவிட்டது.

ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதில் இருக்கும் மசல் நூலகம் ஃபைலில் உள்ள எல்லா சர்வரையும் ஒரே நேரத்தில் கேட்டு, முதலில் வரும் விடையை எடுத்துக்கொள்ளும். எது முந்துகிறதோ அதன் பேச்சுதான் சபையேறும். ஒரே பெயர் ஒருமுறை கிடைக்கும், மறுமுறை கிடைக்காது. மசல் 1.2.4 பதிப்பு, அதாவது 2023 மே வரைக்கும், பெரிய விடைகளுக்கு வழக்கமான யுடிபியிலிருந்து டிசிபிக்கு மாறவும் அதற்குத் தெரியாது.

அதனால் ஒரு ஃபைலில் இருக்கும் எல்லா ரிசால்வரும் ஒரே உலகத்தைப் பார்ப்பவையாக இருக்க வேண்டும். உள் பெயர் தெரிய வேண்டும் என்றால் இரண்டு உள் ரிசால்வர். வெளி உலகம் மட்டும் போதும் என்றால் இரண்டு வெளி ரிசால்வர்.

அப்புறம் காத்திருக்கும் நேரம். ஜிலிப்சி இயல்பாக ஒரு சர்வருக்கு 5 வினாடி காத்திருந்து, மொத்தப் பட்டியலையும் இரண்டு சுற்று கேட்கும். பட்டியலில் மூன்று சர்வர்தான் கணக்கில் வரும், நான்காவதாக எழுதியதை அது பார்ப்பதே இல்லை. ஜிலிப்சிக்கு என்று கேஷ் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முதல் ரிசால்வர் செத்துப்போய் இரண்டாவது உயிரோடு இருந்தால், ஒவ்வொரு தேடலும் 5 வினாடி தாமதமாகும். ஒரு பக்கத்தைத் தயாரிக்க மூன்று பெயரைத் தேடும் தளம் 15 வினாடி எடுக்கும். யாரும் "டிஎன்எஸ் போச்சு" என்று சொல்லமாட்டார்கள், "சைட் ரொம்ப ஸ்லோ" என்றுதான் சொல்வார்கள். இரண்டும் செத்திருந்தால் பிழைச் செய்தி வரவே கிட்டத்தட்ட 20 வினாடி ஆகும். "ஆப்ஷன்ஸ் டைம்அவுட்:1" என்று ஒரு வரி சேர்த்தால் இந்த வலி பெரிதும் குறையும். தாமதம் துல்லியமாக 5 வினாடியாக இருந்தால் அது டிஎன்எஸ் டைம்அவுட்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

சிஸ்டம்டி-ரிசால்வ்டு

இன்றைய உபுண்டுவில் ரிசால்வ்.கான்ஃபைத் திறந்தால் 127.0.0.53 என்று ஒரு முகவரி இருக்கும். அது சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற உள்ளூர் சேவை. உண்மையான ரிசால்வர் எது என்பது அதன் வயிற்றுக்குள் இருக்கிறது, "ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்" கொடுத்தால் காட்டும். பழைய பழக்கத்தில் இதை எடுத்துக் கடாசிவிட நினைப்பவர்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேஷ் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு சர்வர் பதில் சொல்லாவிட்டால் அடுத்ததற்கு மாறி அங்கேயே தங்கிவிடும், அதாவது ஒவ்வொரு முறையும் செத்த சர்வரிடம் 5 வினாடி நிற்காது. விபிஎன் இணைப்பு இருந்தால் இந்த டொமைனுக்கு இந்தப் பக்கம், மற்றதற்கு அந்தப் பக்கம் என்று பிரித்துவிடவும் தெரியும்.

ஆனால் இதன் சில குணங்களைத் தெரிந்துகொள்ளாமல் வைத்தால் தலைவலி. ரிசால்வ்.கான்ஃபை நேரடியாகத் திருத்தினால் நிலைக்காது, ஏனென்றால் அது /ரன் அடைவுக்குள் இருக்கும் ஒரு ஃபைலுக்கான இணைப்பு மட்டுமே. திருத்த வேண்டியது ரிசால்வ்டு.கான்ஃப் அல்லது நெட்பிளான் ஃபைல். முதன்மை, துணை என்ற வரிசை மரியாதையும் இதனிடம் கிடையாது. ஒருமுறை இரண்டாவதுக்கு மாறினால், முதலாவது எழுந்துவிட்டது என்பதற்காகத் திரும்பி வராது. மேலே சொன்ன உள்-வெளி கலவை இங்கே இன்னும் அதிகமாகக் கடிக்கும். ".லோக்கல்" என்று முடியும் பெயர்களை எம்டிஎன்எஸ்ஸுக்கு (உள் நெட்வொர்க்குக்குள் மட்டும் பெயர் தேடும் முறை) உரியது என்று கருதி வழக்கமான டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பாது; ஆபீஸ் டொமைனுக்கு அப்படிப் பெயர் வைத்திருந்தால் அதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டும். புள்ளியே இல்லாத ஒற்றைச் சொல் பெயர்களும் அப்படித்தான், பெயரின் பின்னால் தானாக ஒட்டப்படும் சர்ச் டொமைன் இல்லாமல் கிடைக்காது.

எல்லாவற்றையும் விட அதிகம் ஏமாற்றுவது "ஃபால்பேக்டிஎன்எஸ்" என்ற செட்டிங். முதன்மை ரிசால்வர் விழுந்தால் இது தாங்கும் என்று பெயரைப் பார்த்தால் தோன்றும். அப்படி நடக்காது. வேறு எந்த ரிசால்வரும் கட்டமைக்கப்படவே இல்லை என்றால் மட்டும்தான் அது பயன்படும். டிஹெச்சிபி வழியாக ஒரு ரிசால்வர் வந்திருந்து அது செத்துக் கிடந்தாலும் ஃபால்பேக்டிஎன்எஸ் அசையாது.

சொந்தமாக அன்பவுண்ட்

நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் உருவாக்கிய அன்பவுண்ட் என்ற ரிசால்வர் சாஃப்ட்வேரை சர்வரிலேயே நிறுவி, யாரிடமும் கைநீட்டாமல் டிஎன்எஸ்ஸின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வரிலிருந்து தானே தேடச் சொல்வது அடுத்த வழி. மெயில் சர்வருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஸ்பேம் பட்டியல்காரர்களிடம் கேள்வி உங்கள் சொந்த ஐபியிலிருந்து போகும், ஒழுங்கான பதில் வரும். டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை வேறொருவர் செய்ததாக நம்ப வேண்டியதில்லை, உங்கள் இயந்திரத்திலேயே நடக்கிறது. வேறொரு நிறுவனத்தின் ரிசால்வர் விழுந்த நாளில் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. சிறிய விபிஎஸ்ஸின் (வாடகை சர்வர்) நினைவகத்துக்கும் இது பெரிய பாரமில்லை. ஆனால் "ஃபார்வர்ட்-ஸோன்" போட்டு 8.8.8.8 க்கே தள்ளிவிட்டால் மெயில் சர்வருக்கான முழுப் பயனும் போய்விடும். பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

நிறுவுவதற்கு முன், வெளியே போக உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். சில நெட்வொர்க்குகள் தங்கள் ரிசால்வரைத் தவிர வேறு யாரிடமும் 53 ஆம் போர்ட்டில் பேச விடுவதில்லை. டிக்கை "@198.41.0.4" என்று ஏ ரூட் சர்வரிடம் நேரடியாகக் கேட்க வையுங்கள். யுடிபியில் ஒருமுறை, "+டிசிபி" சேர்த்து ஒருமுறை. இரண்டும் வந்தால் தொடரலாம். டிசிபியை மட்டும் ஃபயர்வாலில் அடைத்துவைத்தால் சிறிய விடைகள் வரும், பெரிய விடைகள் வராது. எந்த டொமைன் வேலை செய்யும், எது செய்யாது என்பதில் ஒரு ஒழுங்கே தெரியாது.

மாற்றும் வரிசையும் முக்கியம். முதலில் அன்பவுண்டை 127.0.0.1 இல் மட்டும் ஓடவிடுங்கள். சிஸ்டம்டி-ரிசால்வ்டு 127.0.0.53 இல் இருப்பதால் இரண்டும் மோதாது. எல்லா முகவரியிலும் கேட்கச் சொன்னால்தான் "அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்" என்று அடித்துக்கொள்ளும். அடுத்து டிக்கை 127.0.0.1 இடம் நேராகக் கேட்க வைத்து, விடை வருவதைக் கண்ணால் பாருங்கள். அதற்குப் பிறகுதான் ரிசால்வ்.கான்ஃபை மாற்ற வேண்டும். அதைத் தலைகீழாகச் செய்து, முதலில் ரிசால்வ்டை நிறுத்திவிட்டால் அன்பவுண்டை இறக்கவே பெயர் கிடைக்காமல் நிற்பீர்கள்.

கடிகாரத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. சர்வர் எழும்போது நேரம் தவறாக இருந்தால் டிஎன்எஸ்செக் எல்லா விடையையும் நிராகரிக்கும். நேரத்தைத் திருத்த என்டிபி சர்வரின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு டிஎன்எஸ் வேண்டும். முதலில் கோழியா முட்டையா கதைதான். என்டிபிக்குப் பெயருக்குப் பதில் ஐபி கொடுத்தால் அவிழ்ந்துவிடும். அமேசானில் 169.254.169.123 என்ற முகவரி இதற்காகவே இருக்கிறது. வேறு இடங்களில், அந்த என்டிபி டொமைனை மட்டும் அன்பவுண்டின் "டொமைன்-இன்செக்யூர்" பட்டியலில் போடலாம்.

இதன் விலை பராமரிப்பு. ஒரு சேவை கூடுகிறது, அப்டேட் கூடுகிறது, கண்காணிக்க ஒன்று கூடுகிறது. கேஷில் இல்லாத பெயரை முதல் முறை தேடும்போது கொஞ்சம் தாமதமாகும். யாரோ எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஒரு சிறிய வேர்ட்பிரஸ் சர்வருக்கு இவ்வளவு வேண்டாம்.

டிஎன்எஸ்மாஸ்க் பற்றிச் சுருக்கமாக: ரூட்டருக்கும் வீட்டு நெட்வொர்க்குக்கும் நல்ல கருவி, டிஹெச்சிபியும் சேர்ந்து வேண்டும் என்றால் அதுதான் வசதி. தானே தேடாது, கேள்வியை மேலே தள்ளும். அதன் கேஷ் இயல்பாக 150 பெயருக்குத்தான், ஏற்றிக்கொள்ள மறக்க வேண்டாம். 2021 ஜனவரியில் டிஎன்எஸ்பூக் என்ற பெயரில் அதில் ஏழு ஓட்டைகள் வெளிவந்தன, 2.83 பதிப்பில் அடைக்கப்பட்டன. பழைய பதிப்பு ஓடும் சர்வர் இன்னும் இருந்தால் இன்றே மாற்றுங்கள். தனி சர்வரில் கேஷ் மட்டும் வேண்டும் என்றால் சிஸ்டம்டி-ரிசால்வ்டே போதும்.

ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஐபியை எழுதிவைப்பதும் ஒரு வழிதான். டிஎன்எஸ் வருவதற்கு முன் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டே ஒரு பெரிய ஹோஸ்ட்ஸ் ஃபைலை வைத்துத்தான் ஓடியது. அது சமாளிக்க முடியாமல் பெருத்ததால்தான் 1983 இல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். தன் சொந்தப் பெயர், மாறவே மாறாத ஒன்றிரண்டு உள் இயந்திரங்கள் என்று அதோடு நிறுத்திக்கொள்ளலாம். வெளியார் ஏபிஐ முகவரியை அதில் எழுதினால், அவர்கள் ஐபியை மாற்றும் நாளில் உங்கள் சர்வர் மட்டும் பழைய கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் எது?

ஒற்றை வெப் சர்வர், உள் பெயர் எதுவும் இல்லை என்றால்: சிஸ்டம்டி-ரிசால்வ்டு இருக்கட்டும், மேலே ஹோஸ்டிங் நிறுவனத்தின் ரிசால்வர் இருக்கட்டும். அந்த நிறுவனத்தின் ரிசால்வர் அடிக்கடி தடுமாறுகிறது என்று நீங்களே பார்த்திருந்தால் மட்டும் இரண்டு வேறு பொது ரிசால்வருக்கு மாறுங்கள். கிளவுடில் பிரைவேட் ஸோன் வைத்திருந்தால் கிளவுடின் ரிசால்வர் மட்டும், கூட உள்ளூர் கேஷ்; பொது முகவரி ஒன்றுகூட வேண்டாம். ஆபீஸ் உள் பெயர்களைத் தேடும் சர்வர் என்றால் மேலே சொன்னபடி இரண்டு உள் ரிசால்வர். மெயில் சர்வர் என்றால் அன்பவுண்ட், ஃபார்வர்டிங் இல்லாமல்.

பல சர்வரில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் தனி உலகம். அங்கே பாட் என்ற கன்டெய்னர் தொகுப்புக்குள் இருக்கும் ரிசால்வ்.கான்ஃபில் "என்டாட்ஸ்:5" என்று இருக்கும். ஐந்து புள்ளிக்குக் குறைவான எந்தப் பெயரையும் முதலில் கிளஸ்டரின் சர்ச் டொமைன்களோடு ஒட்டித் தேடு என்று அதற்குப் பொருள். "ஏபிஐ.எக்ஸாம்பிள்.காம்" என்ற பெயரில் இரண்டே புள்ளி. மூன்று சர்ச் டொமைனோடு மூன்று முறை தோற்று, நான்காவதாகத்தான் உண்மையான பெயர் கேட்கப்படும். ஒவ்வொன்றுக்கும் ஐபிவி4 க்கு ஒன்று, ஐபிவி6 க்கு ஒன்று என்று ஒரே பெயருக்கு எட்டுக் கேள்வி. இங்கே ரிசால்வரை மாற்றுவதை விட, பெயரின் முடிவில் ஒரு புள்ளி வைப்பதோ, என்டாட்ஸைக் குறைப்பதோ, ஒவ்வொரு சர்வரிலும் ஒரு கேஷ் வைக்கும் நோட்லோக்கல் டிஎன்எஸ்கேஷ் போடுவதோ அதிகம் உதவும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மாற்றிய உடனே ஓடுகிறது என்பதோடு விட்டுவிடாதீர்கள். மாற்றத்துக்கு முன்பே தொடங்கி ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் பழைய விடையையே பிடித்துக்கொண்டிருக்கலாம். 2017 இல் வந்த ஜிலிப்சி 2.26 க்கு முந்தைய சிஸ்டங்களில் அவை ரிசால்வ்.கான்ஃபை மறுபடி படிப்பதே இல்லை. என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், அப்ஸ்ட்ரீம் (தான் கேள்விகளைக் கைமாற்றும் பின்னணி சர்வர்) பெயரை வழக்கமாகத் தொடங்கும்போது ஒருமுறைதான் தேடும். சர்வர் எழும் நேரத்தில் டிஎன்எஸ் தயாராகாவிட்டால் "ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட் இன் அப்ஸ்ட்ரீம்" என்று சொல்லிவிட்டு எழவே எழாது. அதனால் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு நேரம் பார்த்து சர்வரை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். டிஹெச்சிபி வந்து உங்கள் ரிசால்வரை மாற்றி எழுதிவிட்டதா, அன்பவுண்ட் என்ஜின்எக்ஸுக்கு முன்னால் எழுந்ததா, கெட்என்ட் பதில் தருகிறதா என்று மூன்றையும் அப்போதே பார்த்துவிடலாம்.